பாதம் நேராகிவிட்டது, ஷூ இன்னும் எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கமாக மடங்கி இருந்தது. இருபதாம் நாளிலிருந்து வாரம் ஒன்றாக ஆறு மாவுக்கட்டு போட்டார்கள். அப்புறம் குதிகால் நரம்பை வெட்டி இன்னொரு கட்டு. அதன்பிறகு கம்பி வைத்த ஷூ. இப்போது பாதம் நேராக இருக்கிறது, நன்றாக ஓடுகிறான். ஆனால் வலது கெண்டைக்கால் இடதைவிட மெலிந்திருக்கிறது, பாதமும் சின்னது. "காலுதான் சரியாப் போச்சே, புள்ளைய ஏன் ராத்திரியெல்லாம் கட்டிப்போடுற" என்று மாமியார் ஷூவைப் பரணில் போட்டுவிட்டார். ஒன்றரை மாதமாகப் போடுவதில்லை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். இருபது, முப்பது வருஷம் கழித்து இந்தக் கால் எப்படி இருக்கும்? எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் உண்டு. வயலில் இறங்கி வேலை செய்வானா? அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா? கிரகணத்தன்று நான் வாசலுக்கு வந்ததுதான் காரணம் என்று இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.
வாசகி, மன்னார்குடி அருகில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் நாலைந்து கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கண் போய் நின்றது கேள்வியாக நீங்கள் எழுதாத ஒரு வரியில்: ஒன்றரை மாதமாக ஷூ போடுவதில்லை. மற்றதெல்லாம் இருக்கட்டும், அதை முதலில் பார்த்துவிடுவோம்.

பரணில் இருக்கும் ஷூவை இறக்குங்கள். பையன் கண் சொக்கும் நேரமாகப் பார்த்து, முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு, வலது பாதத்தை உள்ளே விடுங்கள். குதிகால் ஷூவின் அடியில் போய் உட்காருகிறதா? பெரும்பாலான ஷூக்களில் அதைப் பார்ப்பதற்கென்றே பின்பக்கம் சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். உட்கார்ந்தால் நல்லது, வாரை இழுத்துக் கட்டி இன்று ராத்திரியே மறுபடி தொடங்கிவிடலாம். குதிகால் இறங்காமல் அந்தரத்தில் நின்றாலோ, விரல்கள் ஷூவின் முன்விளிம்பைத் தாண்டி மடங்கினாலோ போட்டுத் திணிக்க வேண்டாம். விரல் தாண்டினால் ஷூ சின்னதாகிவிட்டது என்று அர்த்தம், அதை மாற்றிக்கொள்ளலாம். குதிகால் இறங்கவில்லை என்றால் பாதம் பழைய திசைக்குத் திரும்ப ஆரம்பித்திருக்கலாம். அப்படியானால் ஷூ வேலை செய்யாது, டாக்டரிடம் போக வேண்டும். அதுவும் இந்த வாரத்திலேயே.

வீட்டிலேயே பார்க்க இன்னும் இரண்டு வழி உண்டு. பையனின் பாதங்களை நனைத்து, காய்ந்த சிமெண்டுத் தரையில் நடக்கவிடுங்கள். இடது தடத்தில் குதிகால் வட்டமாக விழும். வலதிலும் அப்படியே விழுகிறதா, அல்லது குதி மங்கலாகவும் வெளி ஓரம் மட்டும் பட்டையாகவும் விழுகிறதா என்று பாருங்கள். அடுத்தது, தரையில் ஒரு பொருளைப் போட்டு அவனைக் குந்தி உட்கார்ந்து எடுக்கச் சொல்லுங்கள். "எடு" என்றால் குனிந்து எடுத்துவிடுவான். எறும்பைக் காட்டினால் தானாகக் குந்துவான். வலது குதிகால் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, முன்பைவிட அதிகமாகத் தூக்குகிறதா என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

சரி, பாதம்தான் நேராகிவிட்டதே, பிறகு எதற்கு இதெல்லாம்?

உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. படித்தவர்களும் இதையே கேட்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் சி.டி.இ.வி. என்று எழுதுவது, நம் பக்கம் கோணக்கால் என்பது, வளைபாதம் என்பது, எல்லாம் ஒன்றுதான். பாதத்தின் உள்பக்கமும் பின்பக்கமும் உள்ள தசைநார்கள், கெண்டைச் சதை எல்லாம் தடித்து, இறுகி, பாதத்தை உள்ளேயும் கீழேயும் இழுத்துக்கொண்டு இருக்கும் கோளாறு அது. மாவுக்கட்டு அந்த நார்களை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக் கொடுக்கிறது. கடைசியாக வெட்டியதை நீங்கள் நரம்பு என்கிறீர்கள், ஊரே அப்படித்தான் சொல்கிறது. அது நரம்பு இல்லை, கெண்டைச் சதையைக் குதி எலும்போடு கட்டும் நாண். கத்தி நுனி போகும் அளவுக்கு ஒரு கீறல்தான், வெட்டிய இடம் மூன்று வாரத்தில் நீளமாகக் கூடிவிடும். இவ்வளவும் பாதத்தின் வடிவத்தை மாற்றும். உள்ளே இழுக்கும் அந்தக் குணத்தை மாற்றாது. நாலைந்து வயதுவரை அது விழித்துக்கொண்டேதான் இருக்கும். பகலில் நடையும் ஓட்டமும் பாதத்தை விரித்து வைக்கும். பத்து மணி நேரம் தூங்கும்போது பிடித்து வைக்க ஆள் இல்லை. அந்த வேலையைத்தான் இரண்டு ஷூவையும் இணைக்கும் கம்பி பார்க்கிறது.

இந்த முறையை வகுத்தவர் இக்னாசியோ பொன்சேட்டி. ஸ்பெயின் நாட்டு மெனோர்கா தீவில் 1914-இல் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, நாட்டைவிட்டு வெளியேறி, மெக்சிகோ வழியாக 1941-இல் அமெரிக்காவின் அயோவாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் பிறந்த ஜூன் 3-ஐத்தான் உலக வளைபாத நாளாக வைத்திருக்கிறார்கள். நமக்கு ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம், மேட்டூர் திறக்கிற தேதிக்கு ஒன்பது நாள் முன்னால். 1940-களின் கடைசியிலேயே கட்டுப்போடும் முறையைத் தொடங்கி, 1963-இல் எழுதியும் விட்டார். உலகம் அதைத் திரும்பிப் பார்க்க இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. இந்தத் தாமதத்தில் என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட இருபது, முப்பது வருஷக் கணக்கு அதே அயோவாவில் இருக்கிறது. 1980-இல் வெளியான ஆய்வில் 70 பேருடைய 104 பாதங்களைப் பார்த்தார்கள். சராசரியாக ஏறத்தாழ 19 வருஷம் கழித்து. பத்தில் ஒன்பது பேர் தங்கள் பாதத்தின் தோற்றத்திலும் உழைப்பிலும் திருப்தி என்று சொன்னார்கள். 1995-இல் இன்னொன்று வந்தது. அதில் 45 பேர், 71 பாதங்கள், வயது 25 முதல் 42 வரை. பிறவியிலிருந்தே பாதத்தில் எந்தக் குறையும் இல்லாத 97 பேரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். வளைபாதத்தோடு பிறந்தவர்களில் 78 சதவீதம் பேருக்கு முடிவு நன்று அல்லது மிக நன்று. குறை இல்லாதவர்களிலும் அது 85 சதவீதம்தான். முப்பத்துநாலு வயதில் நல்ல காலோடு பிறந்தவர்களுக்கும் கால் வலிக்கத்தான் செய்கிறது! இந்த இரண்டு எண்ணும் இவ்வளவு நெருங்கி நிற்பதை முதன்முதலில் படித்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த முடிவுகளில் இன்னொன்றும் உண்டு, பெற்றோர்களுக்கு நான் தவறாமல் சொல்வது. 1980 ஆய்வில் இருந்த பாதங்களில் ஏறக்குறைய பாதி, சிறு வயதில் ஒருமுறையாவது பழையபடி திரும்பியவை. திரும்பியதும் மறுபடி கட்டுப் போட்டார்கள், தேவைப்பட்டவர்களுக்கு ஒரு நாணை இடம் மாற்றி வைத்தார்கள். அப்படிப்பட்ட பாதங்களையும் சேர்த்துத்தான் பத்தில் ஒன்பது. எனவே உங்கள் பையனின் பாதம் இந்த ஒன்றரை மாதத்தில் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிட வேண்டாம்.

ஆனால் திரும்பவிடாமல் வைப்பது சுலபமான வழி. அயோவா டாக்டர்கள் சொல்லும் கணக்கு இது: ஷூவைச் சொன்னபடி போட்ட குடும்பங்களில் 6 சதவீதம் பாதங்கள் திரும்பின, போடாத குடும்பங்களில் 80 சதவீதத்துக்கும் மேல். வைத்தியத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் பார்ப்பது அபூர்வம். எத்தனை கட்டுப் போட்டார்கள், எத்தனை நாளில் தொடங்கினார்கள் என்பதைவிட ராத்திரி ஷூ போட்டார்களா என்பதே பெரிதாக நின்றது. கட்டுப் போடுகிறவரின் வேலை இரண்டு மாதத்தில் முடிந்துவிடுகிறது. மிச்ச நாலு வருஷமும் உங்கள் வீட்டுப் பாயில்தான் நடக்கிறது.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். நான் எலும்பு வைத்தியம் படித்து வந்த காலத்தில், வளைபாதம் என்றால் இரண்டு மூன்று மாதம் ஒப்புக்குக் கட்டுப் போடுவோம். அந்தக் கட்டையும் சரியான இடத்தில் அழுத்தத் தெரியாமல் போடுவோம். நேராகவில்லை என்றதும் ஒன்பது மாதம், ஒரு வயதில் பெரிய ஆபரேஷன். உள்கணுக்காலிலிருந்து குதியைச் சுற்றிக் கிழித்து, இறுகியிருக்கும் ஒவ்வொரு நாரையும் வெட்டி, எலும்புகளை நேராக நிறுத்திக் கம்பி குத்திவிடுவோம். மேஜையில் பார்க்கும்போது பாதம் சிற்பம் மாதிரி இருக்கும். சீனியர்கள் தட்டிக்கொடுப்பார்கள். வீட்டுக்குப் போகும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் வந்தார். அறுவடை மெஷின் ஓட்டுகிறவர், சம்பா அறுப்பு முடிந்த கையோடு வந்திருந்தார், சட்டைக் காலரில் பதர் ஒட்டியிருந்தது. இடது பாதத்தை ஸ்டூலில் தூக்கி வைத்தார். உள்கணுக்காலிலிருந்து குதிக்குப் பின்னால்வரை வெளிறிய தழும்பு, சாக்குத் தைத்த மாதிரி குறுக்குக் குறுக்காகப் புள்ளி. என் தையல் எனக்கே தெரிந்தது. 1996-இல் பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது நான் செய்த ஆபரேஷன். பாதம் இன்றைக்கும் நேராகத்தான் இருக்கிறது. ஆனால் கணுக்கால் அசையவில்லை. மேலும் கீழுமாக அசைத்தால் மரக்கட்டை மாதிரி கொஞ்சூண்டு ஆடி நின்றுவிடுகிறது. "காலைல எந்திரிச்சு முத பத்தடி வைக்கிறதுக்குள்ள உசுரு போயிடுது டாக்டர். வாய்க்கால்ல இறங்கினா ஏற முடியல. கிளட்ச்ச அழுத்தி அழுத்தி சாயந்திரம் வீங்கிப் போயிடுது" என்றார். என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் உலகமெங்கும் அதுதான் வைத்தியம், உண்மை. ஆனாலும் அன்றைக்கு அடுத்த நோயாளியைக் கூப்பிடக் கொஞ்சம் நேரமாயிற்று.

2006-இல் அப்படிப் பெரிய ஆபரேஷன் செய்த 45 பேரை, சராசரியாக முப்பது வருஷம் கழித்துப் பார்த்து எழுதினார்கள். பலருக்கு மூட்டுத் தேய்மானம், இறுக்கம், வலி. வெட்டிய இடமெல்லாம் தழும்பாக இறுகுகிறது, வயது ஏற ஏற அந்த இறுக்கம் தன் கணக்கைக் கேட்கிறது. பொன்சேட்டி முறையில் நிமிர்த்திய பாதம் எக்ஸ்ரேயில் நூற்றுக்கு நூறு நேராக இருப்பதில்லை, ஆனால் இளக்கமாக இருக்கிறது. உழைப்பதும் இளக்கமான பாதம்தான். ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதுகுத்தண்டுக் கோளாறோடோ, பல மூட்டுகளும் இறுகியோ பிறக்கும் குழந்தைகளுக்குக் கதை வேறு. உங்கள் பையனுக்கு அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, அது பெரிய ஆறுதல்.

கெண்டைக்கால் மெலிவுக்கு வருகிறேன். மாவுக்கட்டால் சூம்பிவிட்டதோ, எண்ணெய் தேய்த்தால் தேறுமோ என்று எல்லா அம்மாக்களும் கேட்பார்கள். கட்டு அதற்குக் காரணமில்லை. முழங்காலுக்குக் கீழே அந்தக் கால் முழுவதுமே பிறக்கும்போதே கொஞ்சம் சின்னதாகத்தான் பிறக்கிறது. குழந்தைக் கொழுப்பில் தெரியாது, மூன்று வயதில் கால் நீளும்போது தெரியும். ஒரு பக்கம் மட்டும் வளைந்திருந்தவர்கள் வளர்ந்த பிறகு அளந்து பார்த்ததில், கெண்டைச் சுற்றளவு சராசரியாக 2.3 செ.மீ. குறைவு, பாதம் 1.3 செ.மீ. குட்டை. காலின் உயரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இந்த மெலிவு சரியாகாது. சத்து மாவு, சைக்கிள், வைத்தியரின் தைலம் எதுவும் அதை இடது காலாக்காது. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் இப்போதே சொல்லிவிட்டால் நாளைக்கு யாரும் தைலம் விற்க வரமாட்டார்கள். வேட்டி கட்டினால் யாருக்கும் தெரியாது. அரைக்கால் சட்டை போட்டால் தெரியும், பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் கேட்கவும் செய்வான். கேட்டால் என்ன சொல்வது என்பதை அவனுக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடலாம்: "பொறக்கும்போது மடங்கி இருந்துச்சு, கட்டுப் போட்டு நிமித்திட்டாங்க." அவ்வளவுதான். செருப்பு வாங்கும்போது பெரிய பாதத்துக்கு அளவெடுத்துப் பின்வார் உள்ளதாக வாங்குங்கள். சின்னப் பாதத்துக்கு உள்ளே ஒரு பஞ்சுத் தகடு போதும்.

வயல் வேலை. இதை யாரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. அயோவாக்காரர்கள் பாதத்துக்கு நூறு மார்க் போடுகிறார்கள். அதில் வலிக்கு மட்டும் 30, மனத்திருப்திக்கு 20, அன்றாட வேலைக்கு 20, மீதி குதிகாலின் நிலை, அசைவு, நடைக்கு. குந்தி உட்காருவதற்கு ஒரு மார்க்கும் இல்லை. அங்கே நாற்காலி, கமோடு என்று வாழ்கிறவர்களுக்கு அது தோன்றியிருக்காது. நமக்கோ நாற்றுப் பறிப்பு, களை, கொல்லைப்புறம், பந்தியில் பரிமாறுவது, கல்யாண வீட்டில் அடுப்படி, எல்லாமே குந்தல்தான். சரியாக வைத்தியம் செய்த பாதத்திலும் கணுக்கால் மேல்நோக்கி மடங்குவது சில பாகை குறைவாக இருப்பது வழக்கம். அதனால் இரண்டு குதியும் தரையில் ஒட்டக் குந்துவது பையனுக்குச் சிரமமாகலாம். அப்படிப்பட்ட பிள்ளைகள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். வலது பாதத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைப்பார்கள், அல்லது அந்தக் குதியைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார்கள். சம்மணம் போட்டு உட்காருவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை.

சேறு நல்லது. உளையில் கால் வைத்து, பிடுங்கி, மறுபடி வைத்து நடப்பது கணுக்காலுக்கு எந்த பிசியோதெரபி மேஜையிலும் கிடைக்காத வேலை. என்னிடம் வரும் பிள்ளைகளில் நடவுக்காலத்தில் அம்மாவோடு வயலில் சுற்றுகிறவர்களின் பாதம் தளர்வாக இருப்பதைப் பார்க்கிறேன். இது என் கண் சொல்வதுதான், ஆய்வு இல்லை. வழுக்கும் வரப்பில் தலைச்சுமையோடு நடப்பது போன்றவற்றில் அவன் மற்றவர்களைவிடச் சீக்கிரம் களைக்கலாம், கெண்டைச் சதை குறைவுதானே. அண்டை வெட்டலாம், டிராக்டர் ஓட்டலாம், கபடி ஆடலாம். அமெரிக்காவின் கிறிஸ்டி யமகுச்சி இந்தக் குறையோடு பிறந்தவர்தான். 1992 ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு நடனத்தில் தங்கம் வாங்கினார். நம் ஊரில் அவரைத் தெரியாது, பனியும் கிடையாது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை எதிர்த்துக்கொண்டு ஷூ போடுவதைவிட அவர் கையாலேயே போட வைப்பது நல்லது. பேரன் கட்டிப்போடப்பட்டிருக்கிறான் என்று நினைப்பதால்தான் அவருக்கு மனம் பொறுக்கவில்லை. பழகிய குழந்தைக்கு அது வலிக்காது. ஒன்றரை மாதம் விட்டுப்போட்டதால் முதல் மூன்று நாலு ராத்திரி அழுவான். அழுதால் கழற்றிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் உங்களால் முடியாது. என்னிடம் வந்த ஒரு பையன் கம்பியை "என் டிராக்டர்" என்பான். ஷூ மாட்டியதும் தாத்தா வாயால் ஸ்டார்ட் செய்ய வேண்டும், இரண்டு காலையும் சேர்த்து உதைத்து நாலு தடவை உழவேண்டும், அப்புறம்தான் தூக்கம். இரண்டு காலையும் ஒன்றாக மடக்கி நீட்டப் பழகிவிட்டால் கம்பியோடு சண்டை போடமாட்டான். வீட்டுக்காரர் ராத்திரி போனில் வரும் நேரத்தையே ஷூ நேரமாக வைத்துக்கொண்டால் அவரும் இதில் சேர்ந்துகொள்வார்.

கம்பியை ஒருமுறை அளந்து பாருங்கள். ஒரு ஷூவின் குதியிலிருந்து மற்றதன் குதிவரை உள்ள தூரம் பையனின் தோள் அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். இரண்டு வயதில் வைத்த நீளத்திலேயே மூன்றரை வயதுவரை ஓட்டுகிறவர்கள் அதிகம். கம்பி குட்டையாக இருந்தால் கால் இடித்துக்கொண்டு, பிள்ளை அழுவது நிஜமான வலிக்காகத்தான். வலது ஷூ வெளிப்பக்கம் 60 முதல் 70 பாகை, நல்ல கால் 30 முதல் 40 பாகை திரும்பியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்ததை நீங்களாக ஸ்குரூ திருகி மாற்ற வேண்டாம்.

சித்திரை வெயிலில் ஷூ போடுவது கொடுமைதான், மறுக்கவில்லை. பருத்திச் சாக்ஸ், தினம் ஒரு சோடி. பாதத்தில் எண்ணெய், கிரீம் தடவிவிட்டுப் போடாதீர்கள், வழுக்கிப் புண்ணாகும். எண்ணெய்க் குளியல் பகலில் இருக்கட்டும். குதியின் பின்பக்கம் சிவந்து கொப்புளம் கட்டினால் எல்லாரும் வாரைத் தளர்த்துவார்கள். அது தப்பு. ஷூ தளர்ந்து குதி மேலும் கீழும் உரசுவதால்தான் பெரும்பாலும் கொப்புளம் வருகிறது, இறுக்கிக் கட்டினால் நின்றுவிடும். இன்னும் தூளியில் போடுகிற பழக்கம் இருந்தால் ஷூ போட்ட நேரத்தில் வேண்டாம். துணி இரண்டு பக்கமும் நெருக்கிக் கம்பியைக் குறுக்கே இழுக்கும். பாயோ கட்டிலோ நல்லது. ராத்திரித் தூக்கமும் பகல் தூக்கமும் சேர்ந்து பன்னிரண்டு மணி நேரம் வந்தால் போதும். நான்கு வயது முடியும்வரை கட்டாயம், ஐந்து வரை ஓட்டினால் இன்னும் நல்லது. ஆக, உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரு வருஷம், கொஞ்சம் கூடலாம். மூன்று வருஷம் இழுத்துவிட்டீர்கள், இதையும் இழுத்துவிடலாம்.

பாதம் திரும்பத்தான் ஆரம்பித்திருக்கிறது என்றால்? இரண்டு மூன்று கட்டு மறுபடி போடுவார்கள், அப்புறம் ஷூ. நடக்கும்போது மட்டும் பாதம் உள்பக்கம் சுருட்டிக்கொள்கிறது என்றால், கணுக்காலின் முன்னால் ஓடும் நாணைப் பாதத்தின் நடுவுக்கு மாற்றி வைக்கும் ஆபரேஷன் ஒன்று உண்டு. இரண்டரை, மூன்று வயதுக்கு மேல் செய்வது. நான் மேலே சொன்ன பெரிய ஆபரேஷன் இல்லை இது. மூட்டுகளைத் திறப்பதில்லை, பாதம் இறுகிப்போவதில்லை. இதைச் சொன்னாலே பயந்து வேறு ஊருக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட வேண்டாம்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரைக்குமான தேசியச் சிறார் நலத் திட்டம் 2013-இலிருந்து நடக்கிறது, அதன் பட்டியலில் வளைபாதமும் உண்டு. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலே சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். மாவட்ட மருத்துவமனையில் டி.ஈ.ஐ.சி. (குழந்தைகளின் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மையம்) என்று கேட்டால் வழி காட்டுவார்கள். மூன்று வயதுவரை நான்கு மாதத்துக்கு ஒருமுறை, நான்கு வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் வளர்ந்து முடியும்வரை ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். ஏழு வயதுக்கு மேல் திரும்புவது அரிது.

கிரகணத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் உலகம் முழுக்கப் பிறக்கிறது, பெண்ணைப் போல் இரண்டு மடங்கு ஆண் குழந்தைகளுக்கு. கிரகணம் தெரிந்த ஊரிலும் தெரியாத ஊரிலும் ஒரே மாதிரி. முதலில் சரியாக உருவான பாதம் கருவின் நான்காம், ஐந்தாம் மாத வாக்கில் உள்ளே இழுக்க ஆரம்பிக்கிறது, அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. நீங்கள் வாசலுக்கு வந்ததற்கும் வராததற்கும் சம்பந்தமில்லை. பெற்றோருக்கு இந்தக் குறை இல்லாமல் முதல் குழந்தைக்கு வந்திருந்தால், அடுத்ததற்கு வர வாய்ப்பு நூற்றுக்கு மூன்று, நான்கு. அதாவது தொண்ணூற்றாறு பங்கு வராது. ஐந்தாம் மாத ஸ்கேனில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்தால் பிறந்த முதல் மாதத்திலேயே கட்டுப் போடத் தயாராக இருக்கலாம். அதற்காகக் குழந்தை வேண்டாம் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கம்பி ஷூவை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பகலில் அவன் போட்டுக்கொண்டு ஓடும் செருப்பையும் கையோடு எடுத்துப் போங்கள், புதுசு வேண்டாம், தேய்ந்த பழசு. வலது செருப்பின் வெளி ஓரம் இடதைவிட அதிகம் தேய்ந்திருந்தால், பையனை மேஜையில் ஏற்றுவதற்கு முன்பே டாக்டருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.